மலைப்பாதை சைக்கிளுக்கு எந்த அளவு ரோட்டர் பொருந்தும்?

முன்னும் பின்னும் 160 மி.மீ. விட்டமுள்ள ரோட்டர்கள் (சக்கரத்தோடு சுழலும், பிரேக் பிடிக்கும் உலோக வட்டுகள்) உள்ள சைக்கிளில், நீண்ட இறக்கங்களில் பிரேக்கின் பிடி குறைகிறது, 203 மி.மீ. போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம், ஆனால் முன்சக்கரத்தில் தொடங்குங்கள்.

பிரேக் பிடிக்கும்போது எடை முன்னோக்கிச் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன்சக்கரமே செய்கிறது. பின்சக்கரமோ சற்று மிகுதியாக அழுத்தினாலே வழுக்கிவிடும். விரலின் அழுத்தம் மாறாவிட்டாலும், ரோட்டரின் விட்டம் கூடும் விகிதத்திலேயே ஏறத்தாழ நிறுத்துவிசையும் கூடுகிறது: 180-க்கு மாறினால் சுமார் 12 சதவீதம், 203-க்கு மாறினால் கால் பங்குக்குச் சற்று மேல். உங்கள் சிக்கலில் இதைவிட முக்கியமானது, பிடியைக் குறைக்கும் வெப்பம். பெரிய ரோட்டரில் உலோகமும் பரப்பும் மிகுதி என்பதால், அது மெதுவாகச் சூடேறி விரைவாக ஆறுகிறது. ஆகவே முன்னால் 203, பின்னால் 180 என்பதே என் பரிந்துரை.

வாங்குமுன், ஃபோர்க்கும் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) ஃபிரேமும் தாங்கக்கூடிய உச்ச அளவைத் தயாரிப்பாளரின் கையேட்டில் அவசியம் பாருங்கள். அதை மீறினால் ஃபோர்க்கே உடையக்கூடும். 200, 203 இரண்டும் ஒன்றெனக் கருதி அடாப்டரை (ரோட்டரின் அளவுக்கேற்ற இடத்தில் பிரேக்கைப் பொருத்த உதவும் துண்டு) மாற்றிப் பொருத்தாதீர்கள். ஆரத்தில் வரும் ஒன்றரை மி.மீ. வேறுபாட்டால் பிரேக் பேட் ரோட்டரில் சரியான இடத்தில் படியாது.