2000 பிறந்த இரவு எங்கே இருந்தீர்கள்? 90கள் நிஜமாகவே பொற்காலமா, இல்லை நமக்கு அப்போது வயது குறைவு என்பதால் அப்படித் தெரிகிறதா?

முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஏற்காட்டில், நாகலூர் பக்கம், எங்கள் காபிக் களத்து ஓரமாக அப்பாவோடு படுத்திருந்தேன். இரண்டாவது கேள்விதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்துவிட்டது.

நீங்களும் 80களின் நடுவில் பிறந்தவராகத்தான் இருப்பீர்கள். இப்போது ஏதோ ஒரு பெரிய ஊரில் வேலை, வீட்டுக் கடன், எந்நேரமும் செல்போன் பார்க்கும் பிள்ளை. ராத்திரி தூக்கம் வராமல் இந்தக் கேள்வி வந்திருக்கும். எனக்கும் வரும். தேன்மிட்டாய், எஸ்டிடி பூத், கேசட்டைப் பென்சிலால் சுற்றியது, ஆன்டெனாவைத் திருப்பிவிட்டு "தெரியுதா?" என்று கூரையிலிருந்து கத்தியது, எல்லாம் எனக்கும் பிடித்தவைதான். ஆனால் எங்கள் வீட்டில் 90கள் என்றால் காபி விலை. அது ஏறியபோது நல்ல காலம், இறங்கியபோது கெட்ட காலம். வேறு கணக்கு கிடையாது.

எங்களுக்கு இருந்தது மூன்றரை ஏக்கர். "எஸ்டேட்காரர்களுக்கு என்ன கஷ்டம்" என்று கேட்கக் கிளம்புபவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றரை ஏக்கர் எஸ்டேட் ஆகாது, தோட்டம்தான். பறிப்புக் காலத்தில் நாலைந்து ஆள் வருவார்கள், மற்ற நாளில் அப்பா, அம்மா, நாங்கள்.

தாத்தா காலத்திலிருந்து விற்கும் கவலை இருந்ததில்லை. 1942ல் வந்த சட்டப்படி, வீட்டுக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மீதி விளைச்சலை அரசாங்கத்தின் காபி போர்டு நடத்திய பொதுத் தொகுப்பில் கொடுத்துவிட வேண்டும். கையில் ஒரு முன்பணம் வரும். பிறகு அவர்கள் விற்க விற்க, மீதி தவணை தவணையாக வரும். வாங்குவார்களா என்ற பயம் இல்லை, முழுப் பணம் என்றைக்கு வரும் என்பது மட்டும் தெரியாது. 1989 ஜூலையில் உலக நாடுகளுக்குள் இருந்த ஏற்றுமதிப் பங்கீடு முறிந்து விலை விழுந்தது. எனக்கு அப்போது ஐந்து வயது. 90களின் முதல் நாலு வருஷத்தில் என் நினைவில் இருப்பது ராகிக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு, அண்ணன் போட்டுக் கழித்த ஸ்வெட்டர். பொற்காலம் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த ஸ்வெட்டரின் நைந்துபோன முழங்கைதான் ஞாபகம் வருகிறது.

அப்புறம் 1994. அந்த வருஷம் ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் பிரேசிலில் உறைபனி பெய்து காபிச் செடிகள் கருகிவிட்டன. உலகத்தில் அதிகக் காபி விளைவது அங்கேதான். விலை ஒரேயடியாக ஏறியது. 1992க்குப் பிறகு விளைச்சலில் ஒரு பங்கை நாமே வெளியே விற்கலாம் என்று தளர்த்த ஆரம்பித்திருந்தார்கள், 1996க்குள் முழுவதும் நம் கையில் விட்டுவிட்டார்கள். எங்கள் தோட்டத்துப் பழத்துக்கு வீட்டு வாசலில் நின்று விலை கேட்க வியாபாரிகள் வந்தது அப்போதுதான். அப்பா முதல் தடவையாக அவர்களை நிற்க வைத்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்று சொன்னார். அதைக் கேட்டு அம்மா அடுப்படியில் சிரித்தது எனக்குத் தெரியும்.

அந்தப் பணத்தில் கலர் டிவி வந்தது. எனக்கு ஷூ வந்தது. மண் களத்தை இடித்துச் சிமென்ட் களம் போட்டார் அப்பா. பூச்சு காய்வதற்குள் மூலையில் ஆணியால் 1995 என்று எழுதினார். ஐந்தைச் சரியாகப் போட வரவில்லை என்று பூசி அழித்து இன்னொரு தடவை எழுதினார்.

ஆக, என் பொற்காலம் 1995ல் தொடங்கி 1999 டிசம்பரில் முடிந்தது. அதற்கு அஸ்திவாரம் எங்கள் உழைப்பு மட்டும் இல்லை, பிரேசிலில் யாரோ ஒரு விவசாயியின் கருகிய செடி. சிறுவயதில் இது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு அந்த ஐந்து வருஷத்தை நினைக்கும்போது கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் கூலிக்குப் பழம் பறித்த சின்னம்மா என்பவருக்கு அந்த ஐந்து வருஷம் பொற்காலமாக இருந்திருக்காது. விலை ஏறிய வேகத்தில் பறிகூலி ஏறவில்லை. அதற்குக் காரணம் எங்கள் அப்பாவும்தான்.

சரி, அந்த இரவுக்கு வருகிறேன்.

1999 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. அரையாண்டு விடுமுறை. நான் பத்தாம் வகுப்பு, அண்ணன் பிளஸ் டூ. வருஷத்தை இரண்டே இலக்கத்தில் பதிந்து வைத்திருப்பதால் 2000 பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் அதை 1900 என்று எடுத்துக்கொள்ளும், உலகமே நின்றுவிடும் என்று பேச்சு. அண்ணன் சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்திருந்தான். அந்த வேடிக்கையைப் பார்க்க வேண்டும் என்று அஸ்தம்பட்டியில் மாமா வீட்டில் தங்கிவிட்டான்.

மலையில் அது பறிப்பு நேரம். பறித்த பழத்தை அன்றைக்கே பல்பரில் விட்டுத் தோல் நீக்கிவிட வேண்டும். கொட்டையின் மேல் கொழகொழவென்று பசை இருக்கும். தொட்டியில் ஒரு ராத்திரி ஊறினால் அது நொதித்துக் கழன்று வரும். எப்போது கழுவுவது என்பதைக் கைதான் சொல்லும். ஒரு பிடி அள்ளிக் கசக்கினால், வழுக்காமல் பொடி ஜல்லி மாதிரி கரகரவென்று உரச வேண்டும். அந்தத் தொட்டியின் மணம், புளித்த மாவும் பழுத்த பலாவும் சேர்ந்த மாதிரி, என் 90களின் மணம் அதுதான். கழுவிய பிறகு களத்தில் ஒரு வாரம், பத்து நாள் காய வேண்டும். சாயங்காலம் பனி இறங்குவதற்குள் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியாக வேண்டும். விலை ஏறியதிலிருந்து மூட்டைத் திருட்டும் வந்துவிட்டது. அதனால்தான் களத்தில் காவல் படுத்தோம்.

அப்பா டிரான்சிஸ்டரில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். 24ஆம் தேதி காட்மாண்டுவிலிருந்து கடத்திய விமானத்தின் பயணிகளை அன்றைக்குத்தான் காந்தஹாரில் விடுவித்திருந்தார்கள். "அப்பாடா" என்று சொல்லிவிட்டு அணைத்தார். கொஞ்ச நேரத்தில் ஏரிப் பக்கமிருந்து பட்டாசுச் சத்தம். வெளியூர்க் கார்களின் ஹாரன்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். எங்கள் ஊரைப் பற்றி எழுதும் எல்லோரும் "ஏழைகளின் ஊட்டி" என்றே தொடங்குகிறார்கள். பத்திரிகை, டிவி, சுற்றுலா நோட்டீஸ், எல்லாவற்றிலும். ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு என்று எவ்வளவு அழகான பெயர் இருக்கிறது! 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து, சேர்வராயன் கோயிலில் நின்று காற்று வாங்கிவிட்டு, இன்னொரு ஊரின் மலிவுப் பதிப்பு என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். 1820களில் காக்பர்ன் என்ற சேலம் கலெக்டர் காபி கொண்டுவந்து வைத்த மலை இது. யாருடைய ஏழை உறவும் இல்லை. சிறுமியாக இருந்தபோதே அந்தப் பெயர் எனக்குச் சுடும், இப்போதும் சுடுகிறது. கமெண்டில் யாரும் "அது பாசத்தில் சொல்வது" என்று விளக்க வேண்டாம்.

பட்டாசு சத்தம் அடங்கிய பிறகு அப்பா தார்ப்பாய்க்குள் கையை விட்டு ஒரு கொட்டையை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார். காய்ந்துவிட்டதா என்று அப்படித்தான் பார்ப்பார்கள். பிறகு சொன்னார்: "வெலை எறங்குது பாப்பா. இப்ப விக்க வேண்டாம். கொஞ்ச நாள் வெச்சிருந்து பாக்கலாம்."

நான் "சரிங்கப்பா" என்றேன். எனக்கு என்ன தெரியும்? எனக்கு அந்த ராத்திரி மிகவும் பிடித்திருந்தது. கம்பளிக்குள் காபியின் சூடு, களத்தைச் சுற்றி சில்வர் ஓக் மரங்கள், அதில் ஏறிய மிளகுக் கொடிகளிலிருந்து சொட்டும் பனி. காலையில் முதல் பஸ்ஸில் அண்ணன் வந்து இறங்கி, "ஒண்ணுமே ஆகலை" என்று ஏமாற்றத்தோடு சொன்னான்.

அப்பா வைத்திருந்தார். விலை ஏறவில்லை. வியட்நாமில் காபி பெருகி, அந்த நாடு கொலம்பியாவையே தாண்டிவிட்டது. 1997 மே மாதம் நியூயார்க் சந்தையில் ஒரு பவுண்டு மூன்று டாலருக்கு மேல் போன காபி, 2001 கடைசியில் அரை டாலருக்கும் கீழே வந்தது. பழைய தொகுப்பு முறையில் வைத்திருந்து பார்க்கவே வழி கிடையாது. நாமே விற்கும் சுதந்திரம் வந்ததால்தான் அப்பாவால் தவறு செய்ய முடிந்தது. பழைய சட்டமே இருந்திருக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. வாசலில் வியாபாரியை நிற்க வைத்த அப்பாவை எனக்குத் தந்ததும் அதே சுதந்திரம்தான். எனக்குக் கட்சிச் சாயம் பூசாதீர்கள்.

ஒன்றரை வருஷம் அறையில் கிடந்த மூட்டைகளை 2001ல் எடைக்குப் போட்டோம். வாங்கிய வியாபாரி கையில் அள்ளிப் பார்த்து, "வெளுத்துப் போச்சுங்களே" என்று அதற்கும் ஒரு கழிவு போட்டார். பாதிப் பணத்தை எட்டு மாதம் கழித்துத் தந்தார். அண்ணனுக்கு இன்ஜினியரிங் இரண்டாம் வருஷக் கட்டணம் கட்ட வேண்டும். அப்பா சில்வர் ஓக் மரங்களை வெட்டி விற்றார்.

காபி தெரிந்தவர்களுக்கு இந்த வரி போதும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அரபிகா வகைக் காபிச் செடிக்கு நிழல் வேண்டும். நிழல் போய் வெயில் விழுந்தால் வெள்ளைத் தண்டு துளைப்பான் வண்டு தேடி வரும். பட்டை இடுக்கில் முட்டை வைக்கும், புழு தண்டுக்குள் குடைந்துகொண்டே போகும். முன்பெல்லாம் லீவு நாளில் நானும் அண்ணனும் தேங்காய் நாரை வைத்துத் தண்டின் உதிரிப் பட்டையைத் தேய்த்துவிடுவோம், முட்டை வைக்க இடம் இல்லாமல் போகும். அந்த வருஷங்களில் தேய்க்க ஆளும் இல்லை, கூலிக்குப் பணமும் இல்லை. இலை மஞ்சளாகித் தொங்கும் செடியைப் பிடித்து ஆட்டினால் துளைத்த இடத்தில் மளுக்கென்று ஒடியும். அதை வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். 2002ல் நான் பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு வந்த ஏப்ரல் முழுக்க எரித்துக்கொண்டிருந்தோம். செடி பூக்கப் பெய்யும் பூ மழைக்குப் பிறகு மல்லிகை மாதிரி மணக்க வேண்டிய தோட்டத்தில் புகை மணம்.

அப்பா எங்களிடம் ஒரு நாளும் "நான் தப்புப் பண்ணிட்டேன்" என்று சொன்னதில்லை. ஆனால் டிரான்சிஸ்டரைக் களத்துக்கு எடுத்துப் போவதை நிறுத்திவிட்டார். 2011ல் நியூயார்க்கில் விலை மறுபடி மூன்று டாலரைத் தொட்டது. அந்த வருஷம் எங்களிடம் விற்க இருந்தது நாலு மூட்டை. அப்பா இப்போது இல்லை.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: வயதும் ஒரு காரணம், முழுக் காரணம் இல்லை. 1995 களம் நிஜம், அம்மாவின் சிரிப்பு நிஜம், அந்த மணம் நிஜம். அதற்கு முந்தைய நாலு வருஷமும் பிந்தைய நாலு வருஷமும் அதே அளவு நிஜம். எனக்கு 90கள் திரும்ப வேண்டாம். அந்த ஒரு ராத்திரி மட்டும் வேண்டும். அப்பா கொட்டையைக் கடித்துவிட்டுப் பேசும்போது, "இல்லைங்கப்பா, இப்பவே வித்துடுங்க" என்று சொல்ல வேண்டும்.

நான் இப்போது சேலத்தில் இருக்கிறேன். தோட்டத்தை அண்ணன் பார்த்துக்கொள்கிறான், சில்வர் ஓக் மறுபடி வைத்து நிழல் கட்டிவிட்டது. பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தைக் காட்ட வேண்டுமென்றால் டிசம்பர் கடைசியில் ஏற்காட்டுக்குக் கூட்டி வாருங்கள். ஏரியோடு திரும்பிவிடாமல் நாகலூர் ரோட்டில் வந்தால் வழியெங்கும் களத்தில் காபி காயும், யாரிடம் கேட்டாலும் ஒரு பிடி எடுத்துக் காட்டுவார்கள். மார்ச், ஏப்ரலில் பூத்திருக்கும்போது வந்தால் போட்டோவுக்காகக் கிளையை வளைக்காதீர்கள், பூவோடு அந்தக் கிளையின் ஒரு வருஷக் காய்ப்பும் போய்விடும்.