பாதம் பார்ப்பவர் பதிவு பெற்றவரா? பிரித்தானிய வாசகர் கேள்விகள்

அம்மாவுக்கு 72 வயது, சீனி வருத்தம். வீட்டுக்கு வந்து நகம் வெட்டுபவர் தன்னை 'ஃபுட் ஹெல்த் பிராக்டிஷனர்' என்கிறார். அவரும் பொடியாட்ரிஸ்ட்தானே? (ஹரோ)

இல்லை. பொடியாட்ரிஸ்ட், கைரோபொடிஸ்ட் இரண்டும் பாத சிகிச்சை நிபுணரைக் குறிக்கும் பெயர்கள். அவற்றை எச்.சி.பி.சி. என்ற சுகாதார, பராமரிப்புத் தொழில்களுக்கான சபையின் பதிவேட்டில் உள்ளவர்கள் மட்டுமே போட்டுக்கொள்ளலாம். மற்றவர்கள் போட்டால் குற்றம். உங்கள் வீட்டுக்கு வருபவர் சொல்லும் பெயருக்கு அந்தக் காவல் இல்லை. கவனமாக வேலை செய்பவர்கள் அவர்களிலும் உண்டு, ஆனால் எவ்வளவு பயிற்சி வேண்டும் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை.

நலமான பாதத்துக்கு நகம் வெட்ட அவர் போதும். சீனி நரம்பைப் பாதித்திருந்தால் கதை வேறு: வெட்டுப்பட்டதே அம்மாவுக்குத் தெரியாமல் புண் வளர்ந்துவிடும். ஜி.பி. (குடும்ப மருத்துவர்) மூலம் வருடாந்தம் இலவசமாக நடக்கும் பாதப் பரிசோதனையில் அவருக்கு என்ன ஆபத்து நிலை சொன்னார்கள் என்று இன்றே கேளுங்கள். நடுத்தரம், அதிகம் என்றால் பொடியாட்ரிஸ்டிடம்தான் போக வேண்டும்.

யாரும் பாதத்தில் கத்தி வைக்கலாம் என்றால் பதிவு எதற்கு? (டூட்டிங்)

நியாயமான கோபம். 1960-ஆம் ஆண்டுச் சட்டம் அரச பதிவு பெற்ற கைரோபொடிஸ்டுகளை உருவாக்கியது. ஆனால் தனியாகத் தொழில் செய்ய அந்தப் பதிவு தேவைப்படவில்லை. எவரும் கைரோபொடிஸ்ட் என்று பலகை மாட்டலாம். 2003 ஜூலையில் புதிய பதிவேடு திறந்தபோதுதான் அந்த வழி அடைபட்டது. ஏற்கெனவே தொழிலில் இருந்தவர்கள் தகுதியைக் காட்டிச் சேர இரண்டு வருட அவகாசம் கிடைத்தது.

அன்று பூட்டியது பெயரைத்தான், வேலையை அல்ல. நகம் வெட்டுவதும் காய்ப்புச் சீவுவதும் இன்றும் யாரும் செய்யக்கூடியவை. விறைப்பு ஊசி போட்டு நகத்தை அகற்றுவது போன்றவற்றை மட்டும் மருந்துச் சட்டம் தடுக்கிறது. பொடியாட்ரிஸ்டுக்கும் அந்த ஊசிக்குப் பதிவேட்டில் தனிக் குறிப்பு இருக்க வேண்டும். சர்க்கரை நோயாளியின் பாதத்தில் கத்தி வைக்கும் வேலையையாவது பதிவு பெற்றவர்களுக்கென ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பதிவை எப்படிச் சரிபார்ப்பது? (ஈஸ்ட்ஹாம்)

எச்.சி.பி.சி. இணையத்தளத்தில் பெயரையோ பதிவு இலக்கத்தையோ போட்டுத் தேடுங்கள். பொடியாட்ரிஸ்டுகளின் இலக்கம் 'சி.எச்.' என்ற எழுத்துகளில் தொடங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், ஆகவே சுவரில் தொங்கும் பழைய சான்றிதழ் போதாது.

கால் ஆணி வெட்டிய இடம் சீழ் பிடித்துவிட்டது. எங்கே முறையிடுவது? (குரோய்டன்)

முறைப்பாடு பிறகு. சர்க்கரை இருந்தால் இன்றே ஜி.பி.யையோ 111 என்ற மருத்துவ உதவி எண்ணையோ அழையுங்கள். காய்ச்சலும் இருந்தாலோ பாதம் கறுத்தாலோ நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

வெட்டியவர் பதிவு பெற்றவரானால் எச்.சி.பி.சி. விசாரிக்கும். எச்சரிக்கை, நிபந்தனை, இடைநிறுத்தம், பெயர் நீக்கம் வரை போகலாம். நட்டஈடு மட்டும் வாங்கித் தராது, அதற்கு வழக்கறிஞரிடம் போக வேண்டும். பதிவில்லாதவர் என்றால், பாதுகாக்கப்பட்ட பெயரைப் போட்டிருந்தால் ஒழிய, அவர்மேல் சபைக்கு அதிகாரமில்லை.

சென்னையில் பிசியோதெரபி படித்த மருமகள் இங்கே பொடியாட்ரிஸ்ட் ஆகலாமா? (ஹரோ)

அந்தப் பட்டத்தை வைத்து ஆக முடியாது. பிசியோதெரபிஸ்டுகளும் எச்.சி.பி.சி.யின் கீழ்தான், ஆனால் தனிப் பிரிவு. வெளிநாட்டுத் தகுதியோடு அந்தப் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம். பாதம்தான் வேண்டுமென்றால் சபை ஏற்ற பொடியாட்ரி பட்டப்படிப்பு வேண்டும். முழுநேரமாகப் படித்தால் வழக்கமாக மூன்று வருடம்.