முதல் ரிகர்வ் வில்லும் மான் வேட்டையும்: கேள்வி பதில்

மிச்சிகனில் பத்து வருடத்துக்கு மேலாக ரிகர்வ் வில்லோடு, அதாவது நுனிகள் முன்புறம் வளைந்த வில்லோடு, மான் வேட்டைக்குப் போகிறேன். கப்பி கிடையாது, குறிபார்க்கும் கருவி கிடையாது. வில், நாண், விரல் அவ்வளவுதான். முதல் வில் வாங்குவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஆன் ஆர்பர்): அண்ணா, கையில் 200 டாலர்தான் இருக்கிறது. அதற்குள் வேட்டைக்கு உருப்படியான ரிகர்வ் கிடைக்குமா?

கிடைக்கும். சேஜ் வாங்குங்கள் (முன்பு சாமிக் சேஜ், இப்போது கேலக்ஸி சேஜ் என்ற பெயரில் வருகிறது). ஏறக்குறைய 150 டாலர் ஆகும். 62 அங்குல நீளம். நடுவில் மரக் கைப்பிடி, அதை ரைசர் என்போம். மேலும் கீழும் வளையும் இரண்டு லிம்புகள். மூன்றையும் திருகாணியால் மாட்டிக் கழற்றலாம். அழகுப் போட்டிக்கு அனுப்பினால் தோற்றுவிடும். ஆனால் லிம்பை மட்டும் தனியாக வாங்கி மாற்ற முடியும் என்பதுதான் இதன் பெரிய வசதி. 25 பவுண்டு முதல் 60 பவுண்டு வரை லிம்புகள் உண்டு. இந்தப் பவுண்டுக் கணக்கு நாணை இழுக்கத் தேவையான பலம், அதைத்தான் வில்லின் எடை என்போம். சவுத்வெஸ்ட் ஆர்ச்சரியின் ஸ்பைடரும் கிட்டத்தட்ட இதே வகைதான். கைப்பிடி எது பிடிக்கிறதோ அதை எடுங்கள்.

பேர் (Bear) கம்பெனியின் கிரிஸ்லி மாதிரி ஒரே துண்டாகச் செய்த வில்லைப் பார்த்து மயங்கியிருப்பீர்கள். நானும் மயங்கியவன்தான். அது 400 டாலரைத் தாண்டும், எடை பிடிக்கவில்லை என்றால் வில்லையே விற்க வேண்டியதுதான். முதல் வில்லுக்கு வேண்டாம்.

கேள்வி (டாலஸ்): ஜிம்முக்குப் போகிற ஆள் நான். காம்பவுண்டில் (கப்பி வைத்த வில்) 65 பவுண்டு இழுக்கிறேன். ரிகர்வில் 55 எடுக்கலாம்தானே?

வேண்டாம் தம்பி. காம்பவுண்டு வில்லைக் கடைசிவரை இழுத்த பிறகு கப்பி சுமையை வாங்கிக்கொள்ளும். கையில் நிற்பது பத்துப் பதினைந்து பவுண்டுதான். ரிகர்வில் இழுக்க இழுக்கச் சுமை ஏறிக்கொண்டே போகும், முழுச் சுமையையும் நீங்களே பிடித்துக்கொண்டு குறிபார்க்க வேண்டும். அந்தத் தசைகள் வழக்கமான ஜிம் பயிற்சியில் அவ்வளவாக வளர்வதில்லை. தோள்பட்டைக்குப் பின்னால் ஒளிந்திருப்பவை.

என் முதல் வில் 55 பவுண்டு. கடைக்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் கட்டிக் கொடுத்தார், நானும் வீராப்பாக வாங்கி வந்தேன். மூன்றாவது வாரமே நாண் தாடையைத் தொடும் முன் அம்பு பறக்க ஆரம்பித்துவிட்டது. தோள்வலி அந்த சீசனையே தின்றது. அதைவிட மோசம், பாதி இழுப்பில் விடும் பழக்கம் போக இரண்டு வருடம் ஆனது.

வில்லில் எழுதியிருக்கும் எடை 28 அங்குலம் இழுத்தால் வரும் எடை. உங்கள் இழுப்பு நீளம் அதைவிட ஒரு அங்குலம் கூடினாலோ குறைந்தாலோ, எடை இரண்டு மூன்று பவுண்டு மாறும். நீளத்தை உத்தேசமாகக் கண்டுபிடிக்க, இரண்டு கையையும் விரித்து விரல் நுனிக்கு விரல் நுனி அளந்து 2.5-ஆல் வகுங்கள். 70 அங்குலம் வந்தால் இழுப்பு 28.

என் யோசனை: சேஜை 30 அல்லது 35 பவுண்டு லிம்போடு வாங்கி ஆறு மாதம் எய்யுங்கள். அப்புறம் 45 லிம்ப் வாங்கி மாட்டுங்கள். சாதாரண வெள்ளைவால் மானுக்கு 45 தாராளம். சட்டத்தைப் பாருங்கள்: கொலராடோவில் குறைந்தது 35 பவுண்டு, வாஷிங்டன் மாநிலத்தில் 40. அலாஸ்காவில் மூஸ் என்னும் ராட்சத மான் வேட்டைக்கே 50தான் கேட்கிறார்கள். மானுக்கு 55 எதற்கு?

கேள்வி (ஸ்கார்பரோ): அண்ணை, ஒன்ராறியோவில மான் வேட்டைக்கு 40 பவுண்டு வில் போதுமோ?

மயிரிழையில் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே மானுக்குக் கேட்பது 18 கிலோ, அதாவது 39.7 பவுண்டு, அதுவும் 700 மில்லிமீட்டர் இழுப்புக்குள் வர வேண்டும். 700 மி.மீ. என்றால் ஏறக்குறைய 27.6 அங்குலம். 28-இல் 40 காட்டும் வில் அங்கே 39-க்குப் போய்விடும். விலை மலிந்த லிம்புகள் எழுதிய எடையைவிட ஒன்றிரண்டு பவுண்டு முன்னேபின்னே இருப்பதும் சகஜம். 45 எடுங்கள், நிம்மதி.

கேள்வி (ஷிகாகோ): 1960-களின் பேர் வில் ஒன்று 100 டாலருக்கு வருகிறது. வாங்கலாமா?

இந்தக் கேள்விக்கு எனக்கு வாய் ஊறும். ஃபிரெட் பேர் 1933-இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய கம்பெனி, 1947-இல் வடக்கே கிரேலிங் ஊருக்குப் போனது. 1978-இல் ஃபுளோரிடாவுக்குப் போகும்வரை வில்கள் அங்கேதான் உருவாயின. எங்கள் மாநிலத்தில் பழைய வீட்டுப் பரணில் ஒன்றாவது கிடக்கும். நல்ல நிலையில் இருந்தால் 100 டாலருக்கு அதைவிட நல்ல வில் கிடையாது.

நல்ல நிலையில் இருந்தால்தான். நாணேற்றிய வில்லின் ஒரு நுனியைக் கண்ணருகே வைத்து நீளவாக்கில் பாருங்கள். நாண் இரண்டு லிம்பின் நடுவிலும் ஓட வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் லிம்ப் முறுக்கியிருக்கிறது. ஒரு வீட்டுவாசல் விற்பனையில் இதைப் பார்க்காமல் வாங்கி வந்தேன். இப்போது அது என் சுவரில் தொங்குகிறது, அதற்குத்தான் லாயக்கு. அடுத்து, நீளவாக்கில் ஓடும் மெல்லிய கோடுகள் பெரும்பாலும் மேற்பூச்சின் வெடிப்பு, பயமில்லை. குறுக்கே ஓடும் வெடிப்போ, ஒட்டிய அடுக்குகள் பிரிந்த இடமோ தெரிந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். நாணேற்றாமல் காட்டும் ஆளிடம் நாணேற்றச் சொல்லுங்கள். மறுத்தால் காரணம் இருக்கும்.

நல்லதாகக் கிடைத்தால், கொஞ்சம் நீண்டு கொடுக்கும் டேக்ரான் நாண் மட்டும் போடுங்கள். இன்றைய ஃபாஸ்ட்ஃபிளைட் வகை நாண்கள் நீளாது. அந்த அதிர்ச்சியைத் தாங்கும்படி பழைய வில் நுனிகளைச் செய்யவில்லை, பிளந்துவிடும்.

கேள்வி (நியூ ஜெர்சி): நான் வலது கைக்காரி, ஆனால் இடது கண்தான் ஆதிக்கக் கண் (குறிபார்க்கும்போது முந்திக்கொள்ளும் கண்). இழுப்பு நீளமும் 25 அங்குலம்தான். எந்த வில்?

முதலில் கண். குறிபார்க்கும் கருவி இல்லாதபோது கண்ணுக்குக் கீழே அம்பு இருப்பதுதான் எல்லாமே. இன்னும் பழக்கம் பதியாத ஆள் என்றால் இடது கை வில் வாங்கிப் பழகுங்கள். இரண்டு மாதம் கோணலாக இருக்கும், பிறகு சரியாகிவிடும். ரைசர் ஒரு கைக்கு மட்டுமே செதுக்கியது என்பதால் இதை வாங்கும் முன்னே முடிவு செய்ய வேண்டும்.

எடை: 45 என்று எழுதிய வில் உங்கள் 25 அங்குலத்தில் 37-38 பவுண்டுதான் தரும். 40 வேண்டும் என்றால் 50 லிம்ப் தேவைப்படலாம். எழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், உங்கள் கைக்கு வருவது 40தான். ஆனால் படிப்படியாக அங்கே போங்கள்.

கேள்வி (அட்லாண்டா): வில் 45 பவுண்டு, இழுப்பு 28. அம்பும் முனையும் எது?

வில்லில் மிச்சம் பிடித்த காசை இங்கே போடுங்கள். மானைக் கொல்வது அம்பு. 500 ஸ்பைன் (அம்பின் விறைப்பைக் காட்டும் எண்) கார்பன் அம்பை வெட்டாமல் முழு நீளமாக வாங்கித் தொடங்குங்கள். இறகில்லாத அம்பை எய்து பாருங்கள். வலது கைக்காரருக்கு அது இடப்பக்கம் போய்ச் செருகினால் அம்பு விறைப்பு அதிகம், வலப்பக்கம் போனால் விறைப்பு போதவில்லை. விறைப்பைக் குறைக்க முனையின் எடையைக் கூட்டலாம். கூட்ட கொஞ்சம் கொஞ்சமாக அம்பை வெட்டலாம். வெட்டியதை ஒட்ட முடியாது, பார்த்து.

அம்பின் மொத்த எடை, வில்லின் ஒரு பவுண்டுக்கு 10 கிரெய்ன் கணக்கில் 450 கிரெய்ன் (ஏறக்குறைய 29 கிராம்) அளவில் இருக்கட்டும். அம்பைத் தாங்கும் ரைசர் மேடையிலிருந்தே எய்வதானால் அம்புக்கு நிஜ இறகுதான். பிளாஸ்டிக் இறகு என்றால் மேடையில் இடித்துத் தெறிக்கும்.

முனைக்கு, இரண்டு வெட்டும் அலகு வைத்த, விரியாத பிராட்ஹெட் (அகன்ற வேட்டை முனை). ஸ்விக்கி எஸ்கிமோ பழைய நம்பிக்கையான சரக்கு, ஆனால் நீங்களே அரம் போட்டுத் தீட்ட வேண்டும். முடி மழியும் கூர் வேண்டும். மானைத் தொட்டதும் விரியும் மெக்கானிக்கல் முனைகள் வேண்டாம். விரிவதற்கே அம்பின் விசையில் ஒரு பகுதியைச் செலவழித்துவிடும், ரிகர்வில் அவ்வளவு விசை மிச்சம் இல்லை.

கேள்வி (சியாட்டில்): எவ்வளவு தூரத்தில் எய்யலாம்?

எனக்கு 15 கெஜம். காலையில் எழுந்து, கை சூடாகாமல் எய்யும் முதல் அம்பு எத்தனை கெஜத்தில் சாப்பாட்டுத் தட்டுக்குள் விழுகிறதோ அதுதான் உங்கள் தூரம். இருபதாவது அம்பைக் கணக்கில் எடுக்காதீர்கள். மான் உங்களுக்கு இருபது வாய்ப்பு தராது.

கேள்வி (கோவை): ஐயா, இதே வில்லை இங்கே வாங்கித் தோட்டத்துக் காட்டுப்பன்றியை அடிக்கலாமா?

கூடாது. 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991 திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடம் வைக்கவில்லை. பன்றித் தொல்லைக்கு வனத்துறையிடம் போவதுதான் வழி. குறிப்பலகையில் எய்ய வில் வாங்குங்கள், அது தனி இன்பம். (வேடிக்கை என்னவென்றால் அதே 1972-இல்தான் அமெரிக்காவில் வில் அம்புகளுக்கும் 11 சதவீத வரி என்று சட்டம் திருத்தினார்கள். அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பராமரிப்புக்குப் போகிறது.) லண்டனிலிருந்து கேட்டவருக்கும் இதே பதில்தான், பிரிட்டனில் வில் வேட்டைக்கு அனுமதி கிடையாது.

கேள்வி (ஹூஸ்டன்): வில்லோடு வேறென்ன வாங்க வேண்டும்?

விரலுக்குத் தோல் உறை, முன்கைக்குக் காப்பு, முக்கியமாக நாணேற்றும் கயிறு. பதினைந்து டாலர் மிச்சம் பிடிக்கிறேன் என்று வில்லைக் காலுக்கு நடுவில் கொடுத்து வளைக்கிறார்கள். மேலே சொன்னேனே, என் சுவரில் தொங்கும் வில், அதன் லிம்பு முறுக்கியதும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். வில்லை வாங்கும் அன்றே கயிற்றையும் வாங்கிவிடுங்கள்.