வெயில் ஊரில் வைட்டமின் டி குறைவு: கேள்வி பதில்

விளக்குத்தூண் ஜவுளிக்கடை ஊழியர்: டாக்டர், மதுரை வெயிலில்தான் கிடக்கிறோம். தினமும் காலை 6 மணிக்கு மொட்டைமாடியில் நடக்கிறேன். ரத்தப் பரிசோதனையில் எனக்கு வைட்டமின் டி 11 (மில்லிலிட்டருக்கு நானோகிராம்) என்று வந்திருக்கிறதே?

பதில்: தம்பி, 20-க்குக் கீழே போனாலே குறைபாடுதான். இளவெயிலில் தோலுக்கு வேண்டிய புற ஊதா பி கதிர் அநேகமாக இருக்காது. கடைக் கண்ணாடியைத் தாண்டியும் அது வராது. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக விழும் நேரத்தில், கையும் காலும் தெரிய 20, 30 நிமிடம் நில்லுங்கள். சித்திரை, வைகாசியில் 11 மணிக்குள் முடித்துவிடுங்கள். ஆனால் 11-ல் இருக்கும் உங்கள் டி அளவை ஏற்ற வெயில் மட்டும் போதாது, மருந்தும் வேண்டும்.

உசிலம்பட்டி வாசகி: அம்மாவுக்கு 58 வயது. குத்தவைத்து உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை. வாதம் என்று தைலம் தேய்க்கிறோம்.

பதில்: தைலத்தோடு நிற்காதீர்கள். கணைக்காலின் முன் எலும்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். சுள்ளென்று வலித்தால், டி குறைவால் எலும்பு மென்மையாகியிருக்கலாம். கம்பி கட்டிவிட்டு கான்கிரீட் போடாத தூண் மாதிரி, புது எலும்பில் கால்சியம் படியாமல் நிற்கிறது. தொடை, இடுப்புத் தசையும் தளரும், அதனால்தான் எழ முடியவில்லை. ரத்தத்தில் வைட்டமின் டி-யுடன் கால்சியம், பாஸ்பரஸ், எலும்பின் நிலையைக் காட்டும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எல்லாம் பாருங்கள். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் மட்டும் எடுத்தால் எலும்புத் தேய்மானம் மாதிரியே தெரியும். அதை நம்பி, டி-யைச் சரிசெய்யாமல் தேய்மான மாத்திரையோ ஊசியோ கொடுத்தால் ரத்தக் கால்சியம் சட்டென இறங்கி, கை கால் இழுத்துக்கொள்ளலாம். தேய்மானம் பெரும்பாலும் எலும்பு முறியும்வரை வலிக்காது. இவருக்கு இப்போதே பலவீனம் இருக்கிறது, அந்த வித்தியாசத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மேலூர் வாசகர்: 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரையைத் தெரியாமல் 20 நாள் தினமும் போட்டுவிட்டேன்.

பதில்: உடனே நிறுத்துங்கள் ஐயா, கால்சியம் மாத்திரையையும் சேர்த்து. அது வாரம் ஒன்று வீதம், பெரும்பாலும் 8 வாரத்துக்கான மருந்து. நீங்கள் 12 லட்சம் யூனிட் எடுத்திருக்கிறீர்கள். டி கொழுப்பில் தங்குவதால், நிறுத்தியபிறகும் பல வாரம் வேலை செய்து, ரத்தக் கால்சியத்தை ஏற்றலாம். இன்றே கால்சியம், கிரியேட்டினின் பாருங்கள். வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், தடுமாற்றம் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

திருமங்கலம் வாசகி: கேப்பைக்கூழ் குடித்தால் போதாதா?

பதில்: 100 கிராம் கேப்பையில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு, டி கிடையாது. கூழை விடாதீர்கள். டி மாத்திரையைக் கூழோடு போடாமல் எண்ணெய், நெய் சேர்ந்த மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் கால்சியம் மாத்திரைக்கு 4 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.