பழைய சஃபாரி ஸ்டோர்மை விற்றுவிட்டுப் புதிய சஃபாரி வாங்கலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரிடம் 2016ஆம் ஆண்டு டாடா சஃபாரி ஸ்டோர்ம் இருக்கிறது, நான்கு சக்கரங்களுக்கும் சக்தி போகும் ஃபோர் பை ஃபோர். வீட்டில் வயதானவர்களும் குழந்தைகளுமாக ஏழு பேர். நகரத்தில் குடியிருக்கிறார்கள், சொந்த ஊரில் மலைச்சரிவில் கொஞ்சம் நிலம் உண்டு. ஸ்டோர்மைக் கொடுத்துவிட்டுப் புதிய சஃபாரி எடுப்பது முன்னேற்றமா, பின்னடைவா என்று கேட்கிறார்.

நிலத்துக்குப் போகும் பாதையின் கடைசிப் பகுதி தார்ச்சாலையா மண்பாதையா என்று மட்டும் நீங்கள் எழுதவில்லை. என் பதில் முழுக்க அதைப் பொறுத்ததுதான். இரண்டு வண்டிகளையும் நன்றாக அறிந்தவன் நான். எங்கள் வீட்டில் 2.2 லிட்டர் டைகோர் இன்ஜின் கொண்ட பழைய சஃபாரி ஃபோர் பை ஃபோர் பல வருடங்கள் ஓடியது. அண்ணன் இப்போது ஓட்டுவது புதிய சஃபாரி. இரண்டும் வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடி ஏறும் மலைச்சாலையிலும், அதற்கு மேலே காப்பித் தோட்டத்துக்குள் போகும் செம்மண் தடத்திலும் ஓடியவை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரே வண்டியின் பழைய தலைமுறை, புதிய தலைமுறை என்று இவற்றை நினைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். 1998இல் வந்த சஃபாரி, லாரியைப் போலக் கனமான சேஸிஸின், அதாவது இரும்புச் சட்டத்தின் மேல் உடற்கூட்டை ஏற்றிய வண்டி. இன்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும். சக்தி பின்சக்கரங்களுக்குப் போகும். ஃபோர் பை ஃபோர் என்றால் ஒரு குமிழைத் திருப்பினால் முன்சக்கரங்களுக்கும் போகும். 2005இல் 3 லிட்டர் டைகோர், 2007இல் 140 குதிரைத்திறன் கொண்ட 2.2 லிட்டர், 2012இல் ஆரியா வண்டியின் சேஸிஸைத் தழுவிய ஸ்டோர்ம் என்று இருபது வருடங்களில் எவ்வளவோ மாறினாலும் இந்த அடிப்படை மாறவில்லை. 2019இல் உற்பத்தி நின்றது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகை மாசு விதி வரவிருந்த நேரம் அது.

2021 பிப்ரவரியில் வந்த சஃபாரி வேறு குலம். லேண்ட் ரோவரின் டி8 கட்டமைப்பிலிருந்து உருவான ஒமேகா ஆர்க் என்னும் அடித்தளம். தனிச் சேஸிஸ் கிடையாது, உடற்கூடே எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. இன்ஜின் குறுக்குவாக்கில் இருக்கிறது. சக்தி முன்சக்கரங்களுக்கு மட்டும். 2020 வாகனக் கண்காட்சியில் இதே வண்டியை கிராவிடாஸ் என்ற பெயரில்தான் காட்டினார்கள். விற்பனைக்கு வரும்போது சஃபாரி ஆகிவிட்டது. அன்றைக்குப் பழைய சஃபாரிக்காரர்கள் கொதித்ததில் பாதி நியாயம் உண்டு. மீதிப் பாதி வெறும் பெயர்ப்பாசம். ஃபோர் பை ஃபோர் இல்லாத பழைய சஃபாரியை வாங்கி, வாழ்நாள் முழுவதும் புறவழிச்சாலையில் மட்டுமே ஓட்டிவிட்டு, புதிய வண்டியில் ஃபோர் பை ஃபோர் இல்லையே என்று வருந்துகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, முன்சக்கர இயக்கத்தால் குடும்ப வண்டிக்கு என்ன குறைந்துவிடும்? சமதளத்தில் ஒன்றும் குறையாது, சொல்லப்போனால் லாபம். சிக்கல் ஏற்றத்தில், அதுவும் பாரத்தோடு ஏறும்போது வருகிறது. தோட்டத்துத் தடத்தில் ஒரு திருப்பம். ஐப்பசி மழைக்குப் பிறகு அங்கே செம்மண் களியாகிவிடும். அண்ணனின் வண்டியில் கடைசி வரிசையில் இரண்டு பையன்கள், அவர்களுக்குப் பின்னால் அரிசி மூட்டையும் துணிப் பைகளும், நடுவரிசையில் அத்தையும் அண்ணியும். திருப்பத்தில் முன்சக்கரங்கள் அதே இடத்தில் சுழல ஆரம்பித்தன. கரடுமுரடான பாதைக்கான ரஃப் மோடுக்கு அண்ணன் மாற்றினார். வழுக்கும் சக்கரத்துக்கு பிரேக் கொடுத்து மறுசக்கரத்துக்குச் சக்தியைத் தள்ளும் மின்னணு வேலை நடப்பது டிக் டிக் என்று கேட்டது. ஆனால் மறுசக்கரமும் அதே களியில்தான் இருந்தது. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் மேலிருந்து இறங்கி வந்து, டயரைக்கூடப் பார்க்காமல், "பின்னால் இருக்கிற பிள்ளைகளை இறங்கச் சொல்லுங்கள் தம்பி, மூட்டையையும் இறக்குங்கள்" என்றார். இறக்கினோம். கொஞ்சம் பின்னால் வந்து, அதே தடத்தில், அதே டயரோடு வண்டி மெதுவாக ஏறிப் போய்விட்டது.

வண்டியின் கோளாறு என்று இதைச் சொல்ல மாட்டேன், இயற்பியல் அப்படி. ஏற்றத்தில் எந்த வண்டியின் எடையும் பின்னால் சாயும். பின்னால் ஆளும் மூட்டையும் சேர்ந்தால் இன்னும் சாயும். சக்தி பெறும் முன்சக்கரங்கள் அந்த அளவுக்கு மண்ணில் அழுந்தாமல் போகும், பிடி குறையும். பழைய சஃபாரியில் கணக்கு நேர்மாறு: சக்தி போவது பின்சக்கரங்களுக்கு; அவற்றின் மேலேதான் குடும்பமே உட்கார்ந்திருக்கிறது. ஆள் ஏற ஏறப் பிடி கூடும். அதனால்தான் ஃபோர் பை ஃபோர் இல்லாத பழைய சஃபாரிகூட கல்யாணக் கூட்டத்தோடு மலைக்கிராமங்களுக்கு ஏறிப் போனது. ஃபோர் பை ஃபோர் ஆக இருந்தால் கேட்கவே வேண்டாம். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் கிளட்சை மிதித்துக் குமிழை ஃபோர் லோவில், அதாவது மெதுவான வேகத்தில் அதிக இழுவை தரும் நிலையில் வைத்தால் ஆக்சிலரேட்டரைத் தொடாமலே ஊர்ந்து ஏறும். அதைவிடப் பெரிய உதவி இறக்கத்தில். ஃபோர் லோ முதல் கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலையே இல்லை. புதியதன் உயர்ந்த ரகங்களில் ஹில் டிசென்ட் கன்ட்ரோல் இருக்கிறது, நன்றாகவும் வேலை செய்கிறது. ஆனால் அது பிரேக்கைக் கொண்டுதான் பிடிக்கிறது.

தரை இடைவெளி இரண்டிலும் ஏறக்குறைய 200 மில்லிமீட்டர்தான். அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். புதியதில் இரண்டு அச்சுக்களுக்கு இடையிலான தூரம் 2,741 மில்லிமீட்டர், பழையதில் 2,650. முன்பம்பரும் தாழ்ந்து நீண்டிருக்கும். மேடு ஏறி இறங்கும் இடத்தில் முதலில் உரசப்போவது எது என்று யோசித்துக்கொள்ளுங்கள். பின்சஸ்பென்ஷனும் வேறு. பழையதில் முழு அச்சு, ஐந்து இணைப்புத் தண்டுகளோடு காயில் ஸ்பிரிங். ஒரு சக்கரம் கல்மேல் ஏறினால் மறுசக்கரம் பள்ளத்துக்குள் தாராளமாக இறங்கும். புதியதில் முறுக்குத் தண்டு வகை, தார்ச்சாலைக்கென்றே அமைந்தது.

இதுவரை படித்தவர்கள் நான் பழைய வண்டியின் கட்சி என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. தார்ச்சாலை தொடங்கிய நொடியிலிருந்து கட்சி மாறிவிடுகிறது.

கொண்டை ஊசி வளைவுகளில் பழைய சஃபாரி சாய்கிற சாய்வு, அதில் ஏறிய எல்லாருக்கும் நினைவிருக்கும். அத்தை ஒரு கையில் எலுமிச்சம்பழம், மறுகையில் பிளாஸ்டிக் பை என்று தயாராகத்தான் ஏறுவார். கடைசி வரிசை என்பது எதிரெதிரே பார்த்த இரண்டு மடக்கு இருக்கைகள். ஒவ்வொரு வளைவிலும் பிள்ளைகளின் முழங்கால்கள் ஒன்றோடொன்று மோதும். அவர்களுக்கு அது விளையாட்டு; நாலு வளைவு கழித்து வாந்தி. புதியதில் கடைசி வரிசை முன்னோக்கிப் பார்க்கிறது, அதற்கென்று தனி ஏ.சி. துளைகள் இருக்கின்றன, வண்டி வளைவில் தட்டையாக நிற்கிறது. அண்ணன் வண்டியில் அத்தை தாண்டிக்குடி வரை தூங்கிக்கொண்டே வந்தார். எங்கள் வீட்டுக் கணக்கில் இதற்கு மேல் சான்றிதழ் வேண்டாம்.

விளையாட்டுப் பேச்சை விட்டுவிட்டுப் பாதுகாப்புக்கு வருகிறேன். என் பார்வையில் உங்கள் கேள்வியின் கனமான பகுதி இதுதான். பக்கவாட்டில் பார்த்த அந்த மடக்கு இருக்கைகளில் குழந்தைகளை உட்காரவைத்து நெடுஞ்சாலையில் போவதை இன்றைக்கு நான் ஏற்க மாட்டேன். மோதல் நடந்தால் அவர்களைப் பிடித்து நிறுத்த அங்கே ஒழுங்கான ஏற்பாடு எதுவும் இல்லை. ஸ்டோர்மின் உயர்ந்த ரகத்தில் இரண்டு ஏர்பேக்குகள் வந்தன, அவையும் முன்னால் இருப்பவர்களுக்கு. புதிய சஃபாரி 2023 அக்டோபரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர், குழந்தை இரண்டு பிரிவிலும் 5 நட்சத்திரம் வாங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியாவின் சொந்த மோதல் சோதனையான பாரத் என்கேப் முதன்முதலாக முடிவுகளை வெளியிட்டபோது, அதில் இருந்தவை ஹாரியரும் சஃபாரியும்தான், அங்கும் 5. வாங்குவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: இந்த மதிப்பெண்கள் 2023 அக்டோபரில் மெருகேற்றி வெளியிட்ட வண்டிக்கு உரியவை. பழைய விலையில் கிடைக்கிறது என்று 2021, 2022 வண்டியை எடுத்துக்கொண்டு 5 நட்சத்திரம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஸ்டீயரிங்கும் அந்த மாற்றத்தோடுதான் மின்சார உதவிக்கு மாறியது. நகர நெரிசலில் கை வலிக்காத வித்தியாசம் அது.

இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம். உங்களுடையது வேரிகோர் 400 இன்ஜினாக இருந்தால் 156 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. புதியதன் டீசலில் 2 லிட்டர் கிரையோடெக் இன்ஜின், 170 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர். காகிதத்தில் பழையதன் இழுவை அதிகம் என்று மகிழ்ந்துகொள்ளலாம், ஓட்டும்போது புதியதுதான் லேசாகப் பறக்கிறது. 6 கியர் ஆட்டோமேட்டிக் எடுத்தால் மலைச்சாலையில் இடது கால் உங்களை வாழ்த்தும். ஆனால் பி.எஸ். 6 டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. பிடித்த தூளை எரித்து வெளியேற்ற அதற்குச் சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டும். பள்ளிக்கூடத்துக்கும் காய்கறிக் கடைக்கும் மட்டுமே ஓட்டினால் எச்சரிக்கை விளக்கு எரியும். ஊருக்கு அடிக்கடி போகிறவர் என்றால் உங்களுக்கு இது தொல்லை தராது.

பழையதை எந்தப் பட்டறையிலும் சரிசெய்துவிடலாம், புதியதற்குக் கணினி வேண்டும் என்று ஒரு பேச்சு உண்டு. 1990களின் சஃபாரிக்கு அது பொருந்தும். ஸ்டோர்மிலும் மின்னணு முறையில் டீசலைப் பீய்ச்சும் காமன் ரெயில் இன்ஜின்தான், அதற்கும் கணினி வேண்டும். இன்ஜின் உதிரிபாகத்தைப் பொறுத்தவரை ஜெனான், ஆரியா, ஹெக்ஸா என்று அதே 2.2 குடும்பம் பல வண்டிகளில் ஓடியதால் இப்போதைக்குத் திண்டாட்டம் இல்லை. ராணுவமும் ஜிப்சிக்கு மாற்றாக 3,192 ஸ்டோர்ம்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. உள்ளலங்காரப் பாகங்கள், விளக்குகள் போன்றவைதான் போகப் போக அரிதாகும்.

இனி முடிவு. உங்கள் நிலம் வரை தார் அல்லது நல்ல கப்பிச்சாலை இருந்தால் தயங்காமல் புதியதுக்குப் போங்கள். ஏழு பேரில் நால்வர் வயதானவர்களும் குழந்தைகளும் என்றால் இன்றே போங்கள் என்பேன். மழைக்காலத்தில் களிமண் ஏற்றம் ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் புதிய சஃபாரி உங்களுக்கான வண்டி அல்ல. எந்த மோடும் அந்தக் குறையை அடைக்காது. அதே நிறுவனத்தின் ஹாரியர் மின்சார வண்டியில் 2025இல் இரட்டை மோட்டாரோடு நான்கு சக்கர இயக்கம் வந்துவிட்டது என்பது தனி வேடிக்கை. ஆனால் அது ஐந்து பேருக்கு.

ஏழு பேரும் வேண்டும், ஃபோர் லோவும் வேண்டும், புதிய வண்டியாகவும் இருக்க வேண்டும் என்றால் மஹிந்திராவின் ‘ஸ்கார்பியோ-என்’ வண்டியின் டீசல் ஃபோர் பை ஃபோரை ஓட்டிப் பாருங்கள். சேஸிஸ் உள்ள வண்டி. 2022இல் குளோபல் என்கேப்பில் பெரியவர் பிரிவில் 5 நட்சத்திரம். கடைசி வரிசை சஃபாரியைவிட நெருக்கம், அந்த வரிசையை விரித்தால் பெட்டி வைக்க இடமே இருக்காது. பெட்டிகள் மேற்கூரைக்கு ஏறும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். டைகோரை விற்கவில்லை. விற்றால் கிடைக்கிற பணம் அண்ணனுக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. அது இப்போது மலையிலேயே நிற்கிறது. குடும்பம் புதிய சஃபாரியில் தார் முடியும் இடம் வரை வரும். அங்கிருந்து மூட்டைகளும் பையன்களும் பழையதில் ஏறுவார்கள். உங்கள் 2016 வண்டியின் பதிவு 2031 வரை செல்லும், அதற்குப் பிறகு எஃப்.சி. எடுத்து ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். நிறுத்த ஊரில் இடமும், வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைக்க ஓர் ஆளும் இருந்தால், விற்பதற்கு முன் அந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். காப்பீட்டையும் பேட்டரியையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.