பொட்டல்காட்டு ஆவாரை வீட்டுக்கு வரலாமா?

கேள்வி: கொல்லையில் ஆவாரஞ்செடி வைக்க ஆசை. "பொட்டலில் கிடக்கிறதை யாராவது வீட்டில் வைப்பாகளா?" என்கிறார் மாமியார். வைக்கலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: தாராளமாக வையுங்கள். எனக்கு ரொம்பப் பிடித்த செடி அது. கானாடுகாத்தான் பக்கம் செம்மண் காய்ந்து வெடித்துக் கிடக்கும்போதும் கண்மாய்க் கரையோரம் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்குமே, அந்தத் தெம்பு வேறு எந்தச் செடிக்கு வரும்? காலையில் ஒரு பூவைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். அதில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான், அதுவும் மகரந்தப்பைக்குள் அடைபட்டிருக்கும், நுனியில் இருக்கிற சின்னத் துளை வழியாகத்தான் வெளியே வரும். கருவண்டு வந்து பூவைக் கட்டிப் பிடித்து 'உர்ர்ர்' என்று அதிர வைத்தால்தான் பொடி உதிரும். அந்தச் சத்தம் நம் காதுக்கே கேட்கும்!

மாமியாரிடம் இதையும் சொல்லுங்கள்: சங்கப் பாட்டில் மடலேறும் (காதல் கைகூடப் பனைமடல் குதிரையில் தெருவில் வரும்) காதலன் சூடியதும் ஆவிரம்பூ, அதாவது நம் ஆவாரம்பூ மாலைதான். தோல் பதனிட ஆவாரம்பட்டைதான் ஒரு காலத்தில் பெரிய சரக்கு. 'ஆவாரை பூத்திருக்க சாவாரைக் கண்டதுண்டோ' என்ற பழமொழி அவருக்கே தெரிந்திருக்கும்.

சரி, வளர்ப்புக்கு வருவோம். விதையின் தோல் கெட்டி, வெந்நீர் ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு நேரே மண்ணில் போடுங்கள். ஆணிவேர் ஆழமாக இறங்கும் என்பதால் வளர்ந்த செடியைப் பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பட்டுப்போகும். நல்ல வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. அப்புறம், இலையில் பச்சைப்புழு தெரிந்தால் மருந்து அடிக்காதீர்கள், அது வண்ணத்துப்பூச்சியின் பிள்ளையாக இருக்கும்.