படித்த கிறிஸ்தவக் கல்லூரிக்கு அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பினால் மாணவருக்குப் போய்ச் சேருமா?

தாம்பரம் எம்.சி.சி.யில் (சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில்) படித்து இப்போது அமெரிக்காவில் வேலை பார்ப்பதாகவும், வகுப்பின் வெள்ளிவிழா வருவதால் ஆயிரம் டாலர் தர நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சேரும். ஆனால் தொகையை முடிவு செய்யும் முன் உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று பாருங்கள். முக்கால்வாசிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் கவலை இல்லை. கிரீன் கார்டு வைத்திருந்தாலும் உங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் 'வெளிநாட்டு நன்கொடை' ஆகாது. கல்லூரியின் வழக்கமான நன்கொடைக் கணக்கிலேயே போடலாம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டீர்கள் என்றால் ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) இங்கே உதவாது. எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ உள்ள நிறுவனம் மட்டுமே அந்தப் பணத்தை வாங்க முடியும். அதுவும் டெல்லி சன்சத் மார்கில் இருக்கும் ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து விழ வேண்டும். 2021 ஜூலையிலிருந்து இதுதான் விதி.

இதில் நல்லெண்ணத்தோடு செய்யும் தப்பு ஒன்று உண்டு. அமெரிக்கக் குடிமகன் தன் என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து (வெளிநாட்டில் இருப்பவர் இந்திய வருமானத்தைப் போட்டு வைக்கும் ரூபாய்க் கணக்கு) ரூபாயாக அனுப்பிவிட்டு, 'இது இந்தியப் பணம்தானே' என்பார். ரூபாயோ டாலரோ, கொடுப்பவர் வெளிநாட்டுக் குடிமகன் என்றால் அது வெளிநாட்டு நன்கொடைதான். அது உள்ளூர்க் கணக்கில் கலந்துவிட்டால் சிக்கல் உங்களுக்கு மட்டும் இல்லை, கல்லூரியின் பதிவுக்கே ஆபத்து. அதே போல, முன்னாள் மாணவர் சங்கம் தன் பெயரில் வெளிநாட்டுப் பணம் வாங்கிக் கல்லூரிக்குக் கைமாற்றவும் முடியாது. 2020 திருத்தம் அதைத் தடுத்துவிட்டது. ஆகவே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வரும் கணக்கு எண்ணை நம்பி அனுப்பாதீர்கள். கணக்கு யார் பெயரில் இருக்கிறது, எந்தக் கிளை என்று பர்சார் (கல்லூரிப் பணக் கணக்கைப் பார்ப்பவர்) அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது கடிதம். பணத்தோடு எதற்கு என்று ஒரு பக்கம் எழுதித் தராவிட்டால் அது பொதுச் செலவில் சேரும். அப்படிச் சேர்ப்பது தவறும் இல்லை. கரண்ட் பில் கட்டியாக வேண்டும். உதவித்தொகையாக நிலைக்க வேண்டும் என்றால் 'கார்பஸ் நிதியாகத் தருகிறேன், வட்டி மட்டும் செலவாகட்டும்' என்று அதே சொல்லைப் போட்டு எழுதுங்கள். ஆனால் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஐந்து லட்சத்துக்கு ஆறரை சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 32,500 ரூபாய். உங்கள் ஆயிரம் டாலருக்கு அதில் சிறு பங்குதான் வரும். அந்தத் தொகைக்கு நேரடிச் செலவுதான் புத்திசாலித்தனம். என்னைக் கேட்டால் மெஸ் பாக்கிக்குக் கொடுங்கள் என்பேன்.

விடுதியில் இருந்தவருக்கு மெஸ் செலவைப் பங்கு போடும் டிவைடிங் சிஸ்டம் தெரிந்திருக்கும். மாதத்து மளிகை, காய்கறி, கேஸ், சமையல்காரர் கூலி எல்லாவற்றையும் கூட்டி, மொத்தச் சாப்பாட்டு நாட்களால் வகுக்கிறார்கள். நாளுக்கு 110 ரூபாய் விழுந்தது, ஒரு பையன் 26 நாள் சாப்பிட்டான் என்றால் 2,860. நான்கு மாதம் கட்டாமல் போனால் பதினோராயிரத்துக்கு மேல் நிற்கிறது. 'பாக்கி இல்லை' என்று விடுதி நோ டியூஸ் கையெழுத்துப் போடவில்லை என்றால் ஹால் டிக்கெட் நிற்கும். கல்விக் கட்டணத்துக்கு அரசு உதவித்தொகை வந்துவிடும் பிள்ளைகூட இந்த இடத்தில்தான் சிக்குகிறது. 'மெஸ் பாக்கி, தேர்வுக் கட்டணம், மதம் பாராமல், விடுதி வார்டன் பரிந்துரையின் பேரில்' என்று கடிதத்தில் எழுதுங்கள். 'மதம் பாராமல்' என்று நான் சொல்வதை யாரும் குற்றமாக எடுக்க வேண்டாம். சபைக் கல்லூரிக்குக் கொடுத்தால் சபைக்குத்தானே போகும் என்று இங்கே கேட்கப் போகிறவர்களுக்கு அந்த ஒரு சொல்லே பதில்.

பெயர் வேண்டாம் என்றால், 'பட்டியலில் போடாதீர்கள்' என்று மட்டும் எழுதுங்கள். பதிவேட்டில் பெயரும் முகவரியும் இருந்தே ஆக வேண்டும். பெயரில்லாத நன்கொடை ஒரு வரம்பைத் தாண்டினால் கல்லூரிக்கு 30 சதவீத வரி.

வரிச் சலுகை: இந்தியக் கல்லூரிக்கு நேராக அனுப்பினால் அமெரிக்க வரியில் கழிவு கிடையாது. அங்கே 501(சி)(3) பதிவுள்ள அமைப்பு (வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளை போன்றது) வழியாகக் கொடுத்தால் உண்டு; 250 டாலரும் அதற்கு மேலும் என்றால் ஒப்புகைக் கடிதம் வாங்கி வையுங்கள். உங்கள் கம்பெனி இணைத்தொகை (நீங்கள் தருவதற்குச் சமமாகத் தானும் போடும் தொகை) தருமா என்றும் கேளுங்கள், ஆயிரம் இரண்டாயிரம் ஆகலாம். அந்த அமைப்பு அனுப்புவதும் வெளிநாட்டு நன்கொடைதான், அதே டெல்லிக் கணக்கு. இந்தியாவில் வரி கட்டுபவர் என்றால் 80ஜி (நன்கொடைக்கான வரிக் கழிவு) பழைய வரிமுறையில் மட்டும் கிடைக்கும். ரொக்கமாக 2,000க்கு மேல் கொடுத்தால் அதுவும் இல்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. எம்.சி.சி. 1937இல் பாரிமுனைப் பக்கமிருந்து தாம்பரத்து 365 ஏக்கருக்கு வந்த கல்லூரி. மதுரை அமெரிக்கன் கல்லூரியின் சிவப்புச் செங்கல் கட்டடங்கள் அதைவிடப் பழையவை. இப்படிப்பட்ட வளாகங்களுக்கு வெள்ளிவிழா வகுப்புகள் 'புதுப்பித்தல்' என்று பணம் தருகின்றன. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் மூச்சு விடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல் முகம் அப்பளம் போல உரிகிறது. மேலே எமல்ஷன் பெயிண்ட், பக்கத்தில் கொடுத்தவர் பெயர் பொறித்த கிரானைட் பலகை. கட்டடத்துக்குத்தான் தருவோம் என்று உங்கள் வகுப்பு பிடிவாதம் பிடித்தால், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை வைக்க வேண்டும் என்பதையும் நிபந்தனையாக எழுதுங்கள். கூரை ஒழுகலுக்கும் மழைநீர்க் குழாய்க்கும் முதலில் கொடுங்கள்.

கடைசியாக, தேதி. அமெரிக்காவில் இருப்பவர்கள் வரிக்கணக்குக்காக டிசம்பர் கடைசி வாரத்தில் அனுப்புகிறார்கள். அதற்குள் நவம்பர் தேர்வு முடிந்து, கட்ட முடியாதவன் வீட்டுக்குப் போயிருப்பான். ஆகஸ்டில் அனுப்புங்கள், டெல்லிக் கணக்கிலிருந்து தாம்பரத்துக்கு வந்து, வார்டன் பட்டியல் போட்டு, ஹால் டிக்கெட் கொடுக்கும் நாளுக்குள் சரியாக இருக்கும்.